எங்கள் வண்டி இழுக்கும் படகு

எங்கள் ஜீப் எவ்வளவு கனம் இழுக்கும் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. அது கம்பெனி கழித்துப் போட்ட வண்டி. ஓமானில், சோஹார் என்ற ஊரில் நான் ஸ்டோர் கீப்பராக இருக்கும் சைட்டில் ஓடித் தேய்ந்து, பெயிண்ட் வெளுத்து, நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும் கியர் செத்துப்போய், பின் சக்கரங்களில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டிருந்தது. அதில் திருச்செந்தூர் முருகன் படம் ஒட்டி, இலை விபூதிப் பொட்டலம் ஒன்றை ஸ்டியரிங்குக்கு மேலே செருகி, அரிசி பருப்பு வாங்கவும் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வண்டிக்குப் பின்னால் மாட்ட ஒரு மீன்பிடிப் படகு தேடி நான் அலைந்ததைப் பார்த்து, இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சைட்டில் பேசிக்கொண்டார்கள். பிசகித்தான் இருந்தது. பிசகாமல் எப்படி இருக்கும்?

என் மனைவிக்கு அந்த வருடம் எட்டாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பச்சைப்பிள்ளையை எரிக்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. இந்த ஊர் மண்ணிலேயே ஓர் ஓரமாக அடக்கம் செய்தோம். அன்றிலிருந்து அவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். ஊருக்குப் போய் அம்மாவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று நான் சொன்னபோது, "பிள்ளைய இங்க விட்டுட்டா?" என்று கேட்டாள். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போகவும் மாட்டாள், இங்கே இருந்தால் சாப்பிடவும் மாட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவேன். சோறு காய்ந்துபோகும். எழுந்து வந்து முருகன் படத்துக்கு முன்னால் நிற்பேன். எனக்குப் பெரிதாகக் கேட்கத் தெரியாது. அவள் ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் வந்து மொட்டை போடுகிறேனப்பா என்று மட்டும் சொல்லுவேன்.

எங்கள் சூப்பர்வைசர் ஓமானிக்காரர், நல்ல மனிதர். ஒரு விடுமுறை நாளில் தன் படகில் எங்கள் குடும்பத்தைக் கூட்டிப்போனார். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். கரை கண்ணுக்கு மறைந்ததும் என் மனைவி கையைத் தண்ணீரில் விட்டாள். விட்டது விட்டபடியே வந்தாள். திரும்புகிற வழியில், "பசிக்குது" என்றாள். சூப்பர்வைசர் குப்பூஸ் ரொட்டியில் எதையோ சுருட்டிக் கொடுத்தார். முழுசாகச் சாப்பிட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே பழையபடி சுவர்.

வாராவாரம் அடுத்தவர் படகைக் கேட்க முடியுமா? அப்படித்தான் இந்தக் கிறுக்கு என்னைப் பிடித்தது. படகு வந்தால் அவள் பிழைப்பாள். வராவிட்டால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

அடுத்த பிளாட்டில் இருக்கிற எலக்ட்ரீசியன் தம்பியும் எங்கள் பக்கத்து ஆள்தான், ஆறுமுகநேரி. அவனைக் கூட்டிக்கொண்டு பழைய படகு விற்கிற ஒரு யார்டுக்குப் போனேன். வாசலில் பெரிய படகு ஒன்று டிரெய்லரில் நின்றது. மேலே கூரை, உள்ளே மெத்தை வைத்த இருக்கை. பின்னால், வேலி ஓரத்தில், கூரை இல்லாத சின்னப் படகு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணாச்சி, இது படகா, தோசை திருப்பியா? மதினிக்கு வெயிலு ஆகாதுல்லா. கூரை வச்சத எடுத்துருங்க."

"வண்டி இழுக்கணுமேடா."

"ஏன் இழுக்காது? நம்ம ஊர்ல டிராக்டர் இழுக்கலயா?"

"இது டிராக்டராடா?"

யார்டுக்காரர் மலையாளி. அவர் பெரிய படகின் விலாவைத் தட்டிக் காட்டினார். "ஃபைபர் அல்லே சேட்டா, கனமே இல்லா. பூ மாதிரி வரும்." அவர் சொன்ன எடை வெறும் படகுக்கு. அதன் பின்னால் தொங்குகிற இஞ்சின், டேங்க் நிறையப் பெட்ரோல், இரும்பு டிரெய்லர், நங்கூரம், எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை வந்து உங்கள் வண்டியிலேயே மாட்டி, கடலில் இறக்கிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு லீவு. அதிலும் ஒரு தொல்லை. எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் மீன் கிடையாது. "பிடிச்சி ஃப்ரீசர்ல போட்டுருங்க அண்ணாச்சி. சனிக்கிழம சாப்பிட்டா பாவமும் சனிக்கிழமக் கணக்குலதான் போவும்" என்றான் தம்பி. முன்பானால் அவள் இதற்குச் சிரித்திருப்பாள்.

வெள்ளிக்கிழமைக்குத் தினசரி காலண்டர் தாளைப் பார்த்தேன். காலையில் நல்ல நேரம், அது முடிந்ததும் ராகு காலம். ராகு காலம் பிறப்பதற்கு முன்னால் படகு தண்ணீரைத் தொட்டுவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். புளிச்சோறு கட்டினேன். அவளைக் கெஞ்சிக் கூத்தாடி ஜீப்பின் முன் சீட்டில் ஏற்றினேன். யார்டில் படகை மாட்டியதும் சூடம் கொளுத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். குடி தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, சோற்று வாளி எல்லாவற்றையும் படகுக்குள்ளேயே பின்பக்கம் அடுக்கிவிட்டான் தம்பி.

சாலையில் ஏறியதுமே வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்சம் வேகம் எடுத்தால் பின்னாலிருந்து யாரோ ஜீப்பின் இடுப்பைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவது போலிருந்தது. பிரேக் போட்டால் வண்டி நிற்கப் பார்க்கிறது, படகு நம்மை முன்னே தள்ளுகிறது.

"அப்பா, இட்ஸ் ஷேக்கிங்" என்றாள் மகள் பின் சீட்டிலிருந்து.

"கந்த சஷ்டி கவசம் சொல்லும்மா" என்றேன்.

"மதினி, பயப்படாதிய. அண்ணாச்சி வண்டிக்கு நாட்டியம் படிச்சிக் குடுக்காரு" என்றான் தம்பி. அவனும் முன் சீட்டை இறுகப் பிடித்திருந்தான்.

என் மனைவி ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு இறக்கும் சிமெண்டுச் சரிவுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல நேரம் முடியப் போகிறது என்ற அவசரம் எனக்கு. கரையில் ஆளே இல்லை. வலை உலர்த்துகிறவர்கள்கூட ஜும்மாவுக்குக் குளித்துப் புறப்படப் போயிருந்தார்கள். தண்ணீர் வெகுதூரம் உள்ளே வாங்கிக் கிடந்தது. சரிவின் மேல்பாதி வெள்ளையாகக் காய்ந்திருந்தது; கீழ்ப்பாதி பச்சையாக மினுங்கியது. நான் நல்ல நேரம் பார்த்தேனே தவிர, கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று ஒருவரையும் கேட்கவில்லை. கடலை நான் திருச்செந்தூரில் முழுக்குப் போடுகிற இடமாகத்தான் அறிவேன். அங்கே எந்த நேரம் போனாலும் தண்ணீர் இருக்கும்.

மகள் மேலே இறங்கி நின்றுகொண்டாள். தம்பி படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான். நான் ரிவர்ஸ் எடுத்தேன். படகு மிதக்கிற ஆழம் வரவில்லை. "இன்னும் வாங்க, இன்னும்" என்றான் தம்பி. பின் சக்கரம் பச்சையைத் தொட்டது. நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை.

சக்கரம் உருளவே இல்லை, ஆனால் வண்டி போகிறது. வழுக்கிக்கொண்டு மெதுவாக, யாரோ கயிறு கட்டி இழுப்பது போலக் கடலுக்குள் போகிறது. முன் கியர் போட்டு அழுத்தினேன். பின் சக்கரம் பாசியை வாரி அடித்துச் சுற்றியதே தவிர, ஓர் அங்குலம் ஏறவில்லை. மறுபடி பிரேக்கை மிதித்தேன். மறுபடி வழுக்கல். தம்பி, "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று கத்துகிறான். பின் கதவுக்குக் கீழே தண்ணீர் சளசளவென்று அடித்தது.

"இறங்கும்மா" என்றேன் அவளிடம்.

அவள் அசையவில்லை. பக்கக் கண்ணாடியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்கு தாயி. நான் காலை எடுத்தா மொத்தமாப் போயிரும். நீ இறங்கு."

அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பயம் இருந்தால் கையைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை எழவில்லை. நான் படகு வாங்க வந்தேனா, இவளைக் கடலுக்குக் கொடுக்க வந்தேனா? முருகா, நான் கேட்டது இதுவா, என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

அப்போது மேலேயிருந்து மகள் அலறினாள். "அம்மா! அம்மா, கெட் அவுட்! ப்ளீஸ்மா!" அந்தக் குரல் உடைந்து கீச்சென்று போயிற்று. பிறகு அவள் சரிவில் எங்களை நோக்கி ஓடி வரத் தொடங்கினாள். பச்சையில் கால் வைத்ததும் வழுக்கி விழுந்தாள்.

என் மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். விபூதிப் பொட்டலம் தண்ணீரில் விழுந்தது. போய் மகளைத் தூக்கி நிறுத்தி, "அங்கேயே நில்லு, வராத!" என்று அதட்டினாள். அத்தனை மாதத்தில் அவள் போட்ட முதல் அதட்டல். பிறகு சரிவின் ஓரத்தில் அலைக்குப் போட்டிருந்த கருங்கல் குவியலுக்குப் போய் ஒரு கல்லைத் தூக்கினாள். வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தாள். நான் அதைக் கண்ணாடியில் பார்த்தேன். பார்க்க முடியவில்லை. கல்லைப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போனாள்.

தம்பி கயிற்றைப் பிடித்தபடி கேட்டான்: "மதினி, படகு போயிருமே, நான் கயித்த விடவா?"

"விட்டுட்டு வந்து கல்லத் தூக்குங்க! படகாம் படகு!"

கல் மேல் கல்லாக வைத்தார்கள். கடைசியில் வண்டி நறநறவென்று ஏதோ அரைத்துக்கொண்டு நின்றது. ஆனால் கடல் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. என் கால் பிரேக்கில் மரத்துப்போயிருந்தது. அவள் என் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள். நல்ல நேரமும் ராகு காலமும் போய், பள்ளிவாசலில் ஜும்மா பிரசங்கம் கேட்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சாமியும் இந்தச் சாமியும் எல்லாம் ஒன்றுதான், சீக்கிரம் தொழுகையை முடித்து யாரையாவது அனுப்பு என்று வேண்டிக்கொண்டேன். அவளைப் பார்க்கப் பயந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொழுகை முடிந்து முதலில் வந்தவர் நரைத்த தாடிக்காரர், வெள்ளை அங்கி கஞ்சி மடிப்புக் கலையாமல் இருந்தது. பார்த்ததும், "யல்லா, யல்லா!" என்று பின்னால் வந்தவர்களைக் கூப்பிட்டார். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நாலைந்து பேர் தண்ணீரில் இறங்கினார்கள். பெரிய வண்டி ஒன்றைக் கொண்டுவந்து பட்டைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஜீப், டிரெய்லர், படகு எல்லாம் கடல் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தன.

தாடிக்காரர் படகைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். அரைகுறை இந்தியில் என்னிடம் சொன்னார்: "பாய், இது உன் காருக்குப் படகு இல்லை. இது உன் காரை வாங்க வந்த படகு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் என் தோளைத் தட்டி, "மாஃபி முஷ்கில், கவலை இல்லை, எல்லாரும் பிழைத்தீர்கள், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவருக்கு அது என்னவென்று புரியவில்லை. புரிந்தும் இருக்கலாம்.

படகை யார்டுக்கு அவர்கள் வண்டியிலேயே கொண்டுபோய் விட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் பின்னாலேயே போனோம். நான் யார்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். இனி படகும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், எனக்குத் தெரிந்த வழியெல்லாம் அடைத்துவிட்டது என்ற நினைப்பு. திரும்பிப் பார்த்தால் ஜீப்பில் அவள் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

வேலி ஓரத்தில் நின்றாள். பூனையை விரட்டிவிட்டு, கவிழ்ந்து கிடந்த அந்தச் சின்னப் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். ஒரு பக்கம் தரையை விட்டு எழுந்தது. கீழே வைத்தாள். கல் தூக்கியதில் கை தோல் உரிந்திருந்தது.

"இத இழுக்குமா நம்ம வண்டி?"

"இழுக்கும்" என்றேன். பிறகு பயந்துபோய், "கேட்டுச் சொல்லுதேன். இஞ்சினு, டிரெய்லரு, தண்ணி கேனு எல்லாத்தையும் சேத்துக் கேட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

"கடல் ஏறுத நேரத்தையும் கேளுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து மகள் மிச்சமிருந்த புளிச்சோற்றைத் தட்டில் போட்டு அம்மாவிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தச் சின்னப் படகுதான் இப்போது எங்கள் கட்டடத்துக்குக் கீழே நிற்கிறது. ஜீப் அதைச் சுலபமாக இழுக்கிறது. கூரை இல்லாததால் அவளுக்கு ஒரு குடையைக் கட்டிவைத்திருக்கிறேன். சில வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள், கையைத் தண்ணீரில் விடுகிறாள், வருகிற வழியில் பசிக்கிறது என்கிறாள். சில வெள்ளிக்கிழமைகளில் கதவையே திறப்பதில்லை. மொட்டை போடப் போகலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. எப்படி இருந்தாலும் நானும் மகளும் கடல் ஏறும் நேரம் விசாரித்துவிட்டு, சரியாக அதற்கு முன்னால் படகை ஜீப்பில் மாட்டி வைத்துவிடுவோம். மாட்டி வைத்துவிட்டு இரண்டு பேரும் மாடிப்படியைப் பார்த்தபடி நிற்போம்.