முட்டைக்கு யார் காவல்?

போன வாரம் என் வகுப்பால் ஒரு வீட்டில் சண்டை வந்துவிட்டது. காரணம் – ஒரு பறவை!

எங்கள் பள்ளி லேபில் விரிசல் விட்ட பீக்கரும் ஒரு ஸ்பிரிட் விளக்கும்தான் சொத்து. அதனாலென்ன? பக்கத்திலேயே ஏரி. செம்பரம்பாக்கம் அளவுக்கு இல்லை, எங்களுக்குப் போதும். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கரைக்கு ஓட்டிப்போவேன். அல்லித் தண்டின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் ஊதினால் குமிழி குமிழியாக வரும். தண்டுக்குள் காற்றுக்குழாய் இருப்பதை இதைவிட எந்தப் படம் சொல்லிவிடும்?

இந்த மழைக்கு அல்லி இலைமேல் ஒரு தாமரைக்கோழி முட்டையிட்டிருந்தது. இந்தப் பறவையில் பெண் பெரிது, ஆண் சிறிது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண்தான். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டார்கள்...

திங்கட்கிழமை காலை, என் மாணவி ஸ்டெல்லாவின் அப்பா ஆரோக்கியசாமி ஹெட்மாஸ்டர் அறையில் நின்றார். வாலாஜாபாத் ரைஸ்மில்லில் வேலை செய்பவர்.

"இன்னா டீச்சர், ஆம்பள அடைகாக்குமா? கைக்கொயந்தைய என் மடியில போட்டுட்டு, 'பறவையே செய்யுது, உனக்கு இன்னா கேடு'ன்னு கேக்குறா என் சம்சாரம்!"

ஹெட்மாஸ்டர் பயந்த சுபாவம். "ஏரிக்கெல்லாம் வேணாம்மா. போர்டுல படம் போட்டு நடத்திடுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பீக்கர் உடைந்தால் வேறு வாங்கலாம். ஏரியை இழந்தால்?

"சனிக்கிழமை நீங்களே வந்து பாருங்க. நான் சொன்னது தப்புன்னா ஏரி வகுப்பையே நிறுத்திடறேன்" என்றேன். வாய்க்கொழுப்புதான்!

சனிக்கிழமை வந்தார் – தோளில் கைக்குழந்தையோடு. மனைவி நடவுக்குப் போய்விட்டாராம், வேறு வழியில்லையாம். யார் கண்ணிலும் படாமல் கரையோரம் ஒதுங்கி நின்றார்.

சிறிய பறவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பெரியது வந்தது, பக்கத்தில் மேய்ந்த நீலக்கோழியை விரட்டியது, முட்டைப் பக்கம் திரும்பாமலே பறந்துபோனது.

"சின்னதுதான் பொட்டையா இருந்தா?" என்றார் ஆரோக்கியசாமி. விடுவதாயில்லை.

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "இல்லப்பா! போன வாரம் ரெண்டு முட்டை இருந்துச்சு. பெருசு வந்து உக்காந்து எழுந்துச்சு, மூணாயிடுச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம்!"

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இதைவிட என்ன அறிவியல் வேண்டும்? ஆரோக்கியசாமி பறவையையே பார்த்துக்கொண்டு, குழந்தையைத் தட்டிக்கொண்டே நின்றார்.

அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் கரையேறி வந்தார். "என்னப்பா ஆரோக்கியசாமி! வகுப்பை நிறுத்திடலாமா?" என்று தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

ஆரோக்கியசாமி உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசுங்க சார்... இப்பத்தான் தூங்குது."

ஏரி வகுப்பு நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரரையும் கூட்டிப்போக வேண்டும்!