அசையாத வீட்டில் ஒரு சீசா

வாயகன்ற குடுவை நிறைய வெந்நீர், அதன் நடுவே ஒரு கண்ணாடிச் சீசா. இரண்டு கைகள் குடுவையைச் சுற்றிப் பஞ்சை அடைத்து, காய்ச்சல்காரரைப் போர்த்துவதுபோல் பழைய கம்பளிச் சால்வையைப் போர்த்தின.

சீசாவுக்குள் இருந்தது, வெந்நீரில் கரைந்த ஒரு சிட்டிகைப் பொடி. புரதத்தின் மிகச் சிறிய துண்டுகள். அலுங்காமல் மெதுவாக ஆறினால் அவை தாமாகவே ஒன்றையொன்று தேடிப்பிடித்து ஊசிகளாக நீளும். ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். அதிர்ந்தால் கட்டிதட்டிப் போகும், ஒளிராது.

ஆய்வகத்தில் இரண்டு முறையும் கட்டிதட்டிவிட்டது. கீழ்த்தளத்து மோட்டார் ஓடும்போதெல்லாம் மேசை நடுங்கும். மிச்சமிருந்த பொடி இவ்வளவுதான். இதுவும் போனால் ஆராய்ச்சி செய்யும் பெண்ணின் வருடக்கணக்கான உழைப்பு அம்போ.

"பஞ்சு சார், ஆடாத இடம்னு ஊர்ல எங்கதான் இருக்கு?" என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எதையும் பஞ்சில் சுற்றிவைப்பதால் ஆய்வக உதவியாளருக்கு அங்கே அதுதான் பெயர்.

"எங்க வீட்லம்மா. கதவைச் சாத்துறதுக்குக்கூட அங்க ஆள் இல்ல."

சிரிப்பாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

இப்போது வீட்டில், சால்வையின் ஓரத்தைச் செருகும்போது போன் அடித்தது. மகள்.

"அப்பா, இன்னைக்கு லீவு. பசங்களோட வரலாம்னு இருக்கோம்."

போனமுறை வந்தபோது சின்னவனுக்குப் பல் முளைத்திருக்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்மா. வீட்ல யாரும் நடமாடக் கூடாது."

"ஏன், பூதம் கீதம் பிடிச்சு வச்சிருக்கீங்களா?"

"ஒரு சீசா ஆறிக்கிட்டு இருக்கு."

"பேரனைவிட சீசா ஒசத்தியாப் போச்சு. சரி, அடுத்த லீவு எப்ப கிடைக்குதோ."

'வந்துடுங்க' என்பது நாக்கு நுனிவரை வந்தது. பெரியவன் உள்ளே வந்ததும் கட்டிலில் ஏறித்தான் குதிப்பான். விழுங்கிக்கொண்டார்.

அதன்பின் ஃபேனைக்கூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒரு பந்து துள்ளிப்போகும் சத்தம் கேட்டது. சுவரில் படாமல் போகட்டும் என்றிருந்தது. பட்டால்கூடப் பரவாயில்லை என்றும் ஒரு கணம் தோன்றியது.

மறுநாள் காலை பஸ் ஏறாமல், சீசாவை மார்போடு அணைத்தபடி நடந்தே போனார். அந்தப் பெண் திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். அவர் கைக்குள் நீல ஊசிகள் அடர்ந்து நின்றன.

அவள் கண் கலங்கிவிட்டது. "எப்படி சார் வந்துச்சு?"

"யாரும் வரலம்மா" என்று சொல்லி, சீசாவை அவள் இரு கைகளிலும் வைத்தார். "மெதுவாப் பிடி."