வாசல் மணிகளை எண்ணுகிறவள்

எண்ணி முடிக்கும்வரை யூதெல்கா பொலாங்கோ வாய் திறக்கமாட்டாள். வீடு தேடுகிற குடும்பம் பின்னால் பவ்யமாக நிற்கும். இவள் கதவோரத்து அழைப்பு மணிகளை விரலை நீட்டி, தொடாமல், ஒவ்வொன்றாக எண்ணுவாள். பிறகு தபால் பெட்டிகள். பிறகு சந்துக்குள் நுழைந்து மின் மீட்டர்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் திரும்பிப் பார்த்து, "ஆறு இருக்கு. வாங்க, மேல போய்ப் பாப்போம்" என்பாள்.

புஷ்விக் வட்டாரத்தில் இந்த ஆறை வைத்துத்தான் வாடகைக்கு இருக்கிற எங்கள் பிழைப்பு. கட்டடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலுக்கு முந்தியதாக இருந்து, ஆறு குடித்தனமோ அதற்கு மேலோ இருந்தால், வீட்டுக்காரன் இஷ்டத்துக்கு வாடகையை ஏற்ற முடியாது. வருஷத்துக்கு எவ்வளவு என்று நகரம் சொல்லும். ஒப்பந்தத்தையும் அவன் புதுப்பித்தே தர வேண்டும். ஐந்து என்றால் எதுவும் கிடையாது. "ஆறுன்னா வீடு, அஞ்சுன்னா சத்திரம்" என்று யூதெல்கா ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

அவள் தரகர் இல்லை. தெருமுனை லாண்டரியில் துணி மடிக்கிறாள். ஜன்னல் திரைகளை யார் துவைக்கப் போடுகிறார்கள் என்று பார்த்தே யார் காலி செய்யப்போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பாள். கூலியாக ஒரு காபி, சோமாசி மாதிரிப் பொரித்த ஒரு சீஸ் எம்பனாதா. துணைக்கு நான். அவளுக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கிற பாவத்துக்கு நானும் அத்தனை மாடியும் ஏறி இறங்க வேண்டும்.

உள்ளே போனால் பளபளப்பெல்லாம் அவள் கண்ணில் படாது. "புதுசா டைல்ஸ் போட்டிருந்தா எனக்குச் சந்தேகந்தான். இந்தச் செலவ எவன் தலையில கட்டப் போறானோ!" என்பாள். நேரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவாள்.

"எத்தனை வருஷமா இருக்கீங்க, அண்ணே?"

"முப்பத்தொண்ணு."

"அப்ப நல்ல வீடு. மனுஷனுக்கு விட்டுப் போக மனசே வரல பாரு."

குடியேறியதும் அந்த வீட்டின் பழைய வாடகைப் பட்டியலை அரசாங்கத்திடம் எழுதிக் கேட்க வைப்பாள். தபாலில் வரும் காகிதத்தை லாண்டரி மேஜையில், யாருடையதோ உள்ளாடைகளுக்கு நடுவே விரித்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படிப்பாள். "ரெண்டாயிரத்து ஏழு வரைக்கும் ஒழுங்கா ஏறி வருது. எட்டுல தாவுது பாரு! எந்தப் படிக்கட்டு இப்படித் தாவும்? கேளு அந்த வீட்டுக்காரன."

அவள் இருப்பது பன்னிரண்டு வயதில் அம்மாவோடு குடிவந்த வீடு. நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. எலிஜியோ என்று ஒரு நல்ல மனிதர், ஃப்ளோரிடாவில் சொந்த வீடு வாங்கிவிட்டு, தன்னோடு வந்து வாழ இவளைக் கூப்பிட்டார். "அங்க எனக்கு ஒப்பந்தம் யாரு புதுப்பிச்சுத் தருவா?" என்று கேட்டாளாம். அவர் தனியாகத்தான் போனார். வருத்தமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "இந்த வாடகைக்கு ரெண்டு ரூம் வீட்டை எவளாவது விடுவாளாடி?" என்று சிரித்தாள். அப்புறம் ஒரே போர்வையை மூன்று தடவை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஏன்தான் கேட்டேனோ என்று இருந்தது எனக்கு.

எண்ணியது எண்ணியதுதான் என்று நிற்பதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத குணம். ஜனவரியில் வில்சன் சிம்போ வந்தான். ஈக்வடோர்க்காரன், பேக்கரியில் விடியற்காலை வேலை. மார்ச்சோடு காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கடிதம் கொடுத்திருந்தார். யூதெல்கா போய் எண்ணினாள். மூன்று மணி, மூன்று பெட்டி, மூன்று மீட்டர். "சட்டம் உங்க பக்கம் இல்ல, தம்பி. வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவர்கள் இரண்டு மாதம் அலைந்தார்கள். கைக்கு எட்டுகிற வாடகையில் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் பென்சில்வேனியாவில் மச்சான் வீட்டுக்கே போவதென்று முடிவு. பேக்கரி வேலை, இரண்டு பெண்களின் பள்ளிக்கூடம், எல்லாம் போயிற்று. மார்ச் கடைசி ஞாயிறு, தவக்காலத்தில் செய்யும் இனிப்பு பீன்ஸ் பாயசத்தை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வழியனுப்பப் போனோம்.

கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கொதிகலன் பழுது பார்ப்பதால் நாளை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வெப்பம் வராது. படித்துவிட்டு உள்ளே போக வேண்டியவள், பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கேயும் அதே காகிதம், அதே கையெழுத்து. அதற்குள் வில்சன் வெளியே வந்திருந்தான்.

"வில்சன், உங்க வீட்டு நிலவறையக் காட்டு."

கீழே இரண்டு சைக்கிள், ஓர் உடைந்த தொட்டில். கொதிகலனைக் காணோம். பக்கத்து வீட்டிலிருந்து தடித்த குழாய்கள் சுவரைத் துளைத்து வந்தன. ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"பக்கத்து வீடு யாருது?"

"எங்க வீட்டுக்காரரோடதுதாங்க்கா."

"எத்தனை குடித்தனம்?"

"மூணு."

யூதெல்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, மடச்சி நான்! ஒரே சொந்தக்காரன், ஒரே கொதிகலன். ரெண்டும் ஒரே கட்டடந்தான்னு மனு போடலாம். மூணும் மூணும் ஆறுப்பா!"

மேலே போய் விஷயத்தைச் சொன்னோம். வில்சன் மனைவி நார்சீசா கையில் ஒட்டுநாடாவோடு நின்றாள். "இத ஜனவரியில சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டு மாசமா எம் புள்ளைங்க அழுத அழுகை உங்களுக்குத் தெரியுமா?"

"என் தப்புதாம்மா. வாசலோட நின்னுட்டேன்."

"மனு போட்டா ஜெயிப்போமா?"

"தெரியாது. பொய் சொல்லமாட்டேன். ஆனா சாவியக் குடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா மனுவும் போச்சு."

பெண்கள் இருவரும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நார்சீசா ஒட்டுநாடாவை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வில்சனிடம் திரும்பினாள்.

"உங்க மச்சானுக்குப் போன் போடுங்க. வேன் வேண்டாம்னு சொல்லுங்க."

யூதெல்காவுக்கு முழங்கால் மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். 'சமையல்' என்று எழுதியிருந்த பெட்டியின் நாடாவை நகத்தால் கிழித்தாள். செய்தித்தாள் சுற்றிய தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுத்துத் துண்டால் துடைத்து, சின்னவளிடம் நீட்டினாள். "இது எந்த அலமாரியில இருந்துச்சு, கண்ணு?"