மூன்று வருடம் மூக்கடைத்திருந்த கிதார்

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல். அறுவடை மெஷின் ஓடும்போதும் நான் எலக்ட்ரிக் கிதார் பதிவு செய்வேன். மைக் வைப்பதில்லை. கிதாரிலிருந்து வரும் ஒயரை ஒரு சின்னப் பெட்டியில் செருகினால் சத்தம் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். கேட்க ஒல்லியாக, உப்பில்லாமல் இருக்கும். அதைச் சென்னையில் இருக்கும் நண்பனுக்கு அனுப்புவேன். அவன் அதைத் தன் ஆம்ப்ளிஃபயர் வழியாக ஓடவிட்டு, முன்னால் மைக் வைத்து மறுபடி பதிவு செய்வான். அப்போதுதான் அது கிதாராகும். கல்லூரி நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து வாசிக்கிறோம்.

மூன்று வருடமாக அவனுக்கு ஒரே குறை.

"நீ அனுப்புறது மூக்கடைச்ச மாதிரி இருக்குடா."

"உன் ஸ்பீக்கர் பழசு" என்பேன்.

அவன் ஸ்பீக்கரை மாற்றினான். பிறகு ஆம்ப்ளிஃபயருக்குள் பல்பு மாதிரி இருக்கும் வால்வுகளை மாற்றினான். மூக்கு திறக்கவில்லை. போன மாதம், "இனிமே அனுப்பாத" என்று சொல்லிவிட்டான்.

அவன் மேல்தான் தப்பு என்று நிரூபிக்க முடிவு செய்தேன். தஞ்சாவூரில் ஒரு தேவாலயத்தில் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்பவர் எனக்குப் பழக்கம். கிதார் சத்தத்தைக் கெடாமல் கொண்டுபோவதற்கென்றே செய்த டி.ஐ. பாக்ஸ் ஒன்று அவரிடம் இருந்தது. பஸ்ஸில் போய் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே மெட்டை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை வழக்கம்போல நேராக அந்தச் சின்னப் பெட்டியில், அடுத்தது டி.ஐ. பாக்ஸ் வழியாக. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்பது என் கணக்கு.

மனைவி தமிழாசிரியை. எது எது என்று சொல்லாமல் அவளிடம் ஹெட்போனைக் கொடுத்தேன்.

"மொதல்ல உள்ளதுக்கு ஜலதோஷம். ரெண்டாவது நல்லாருக்கு" என்றாள்.

"சரியா கேட்டியா?"

"ஜலதோஷம் தெரியாதாங்க எனக்கு?"

அவள் என் சின்னப் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த பட்டன் எதுக்குங்க? பக்கத்துல கிதார் படம் போட்டிருக்கு."

கீபோர்டு மாதிரியான கருவிகளுக்கு அந்தப் பட்டனை வெளியே விடவேண்டும். கிதாருக்கு உள்ளே அழுத்தவேண்டும். அழுத்தாவிட்டால் கிதாரின் மெல்லிய மின்சாரத்தைப் பெட்டியே அமுக்கிவிடும். முதலில் போவது கூர்மையான சத்தங்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்துகிறேன்.

அவளே அழுத்தினாள். மூன்றாவது முறை வாசித்தேன். டி.ஐ. பாக்ஸில் பதிந்ததற்கும் இதற்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் காதுக்கும் தெரியவில்லை. சமையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

மத்தியானம் வரை நண்பனைக் கூப்பிடவில்லை. பெட்டி பழுதாகிவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவன் மாற்றிய ஸ்பீக்கர் நினைவுக்கு வந்தது. கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்.



"கூர்மை வரட்டும்னு ட்ரெபிளைத் திருகித் திருகி அந்தக் குமிழே கையோட வந்துருச்சுடா" என்றான்.

"தப்புதான்."

"வால்வு மாத்தினப்போ ஷாக் வேற அடிச்சுது."

"அதை நீ சொல்லவே இல்லையே."

"சொன்னா, பிளக்கைப் புடுங்கலையான்னு பாடம் நடத்துவ."

நடத்தியிருப்பேன். மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். எல்லாப் பாட்டையும் திரும்ப வாசித்து அனுப்பச் சொல்லிவிட்டு வைத்தான். எனக்குப் போன உயிர் வந்த மாதிரி இருந்தது.

இரண்டு வாரம், தினமும் கல்லூரி விட்டு வந்ததும் உட்கார்ந்து பதினொரு பாட்டையும் புதிதாக வாசித்து அனுப்பினேன். அவன் ஆம்ப்ளிஃபயரில் ஓட்டிக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"இப்ப எல்லாம் தெளிவா கேக்குது."

"சந்தோஷம்."

"நீ தப்பா வாசிக்கிறதும் கேக்குது. நாலு பாட்டு திரும்ப வேணும்."

மூன்றை அனுப்பிவிட்டேன். நாலாவது, எப்படி வாசித்தாலும் அதே இடத்தில் இடறுகிறது.