ஓடுதளத்தின் கிழக்கு முனை

ஜெபரத்தினம் விமானம் ஓட்டுகிறான் என்றுதான் கே.ஜி.கண்டிகையில் பேசிக்கொண்டார்கள். அவன் மனைவி ரெபேக்காளும் அதை மறுக்கவில்லை. உண்மையில் அவன் மண்ணைக் குத்திப் பார்க்கிறவன். பட்டாளத்துப் பொறியாளர் பிரிவில் ஹவில்தார். 1962இல் அமைதிப்படையோடு காங்கோவுக்குப் போனபோது அவனுக்குக் கிடைத்த வேலை, சுரங்கக் கம்பெனிகளும் பாதிரிமாரும் காட்டுக்குள் போட்டுவிட்டுப்போன ஓடுதளங்களைத் தேடிப்போய், படையின் சரக்கு விமானம் அங்கே இறங்குமா என்று பார்த்துச் சொல்வது.

வேலை எளிமையானது. ஜீப்பை வேகமாக ஓட்டச் சொல்லி, குலுங்குகிற இடத்தில் குதித்து இறங்கி, கூரான இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்துவான். கம்பி இறங்கிவிட்டால் அந்த இடம் ஆகாது. கறையான் புற்றுகளையும் முனையில் நிற்கும் மரங்களையும் பார்த்துக்கொள்வான். "ரத்தினம் சொன்னா சரி" என்று கேப்டன் பக்தவச்சலம் நாலு பேர் முன்னால் சொல்வார். அந்தச் சொல்லுக்காக அவன் மழையிலும் கம்பியோடு நிற்பான்.

ஜீப் ஓட்டியவன் எல்லப்பன், ஆர்.கே.பேட்டை நெசவுக்காரக் குடும்பம். இரண்டு பேருக்கும் வழியெல்லாம் ஊர்ப்பேச்சுதான்.

அந்த ஓடுதளம் ஒரு சுரங்கக் கம்பெனி போட்டது. மண் கெட்டி. நீளம்தான் போதவில்லை. மேற்கே சதுப்பு, கிழக்கே நீட்டலாம். அங்கே போய்ப் பார்த்தால் சின்னச் சின்ன மேடுகள். மேட்டுக்கு மேடு கவிழ்த்த மண்சட்டி, சிலது கம்பில், சிலது தரையில். ஜெபரத்தினத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் அப்பா சத்தியநாதன் கண்டிகைச் சபையின் உபதேசியார். புதிதாக ஒரு குடும்பம் ஞானஸ்நானம் எடுத்தால், கண்ணேறு படாமலிருக்க அவர்கள் வயலில் நட்டிருக்கும் புள்ளி வைத்த திருஷ்டிச் சட்டியைச் சபையார் முன்னால் உடைக்கவைப்பார். உடைக்கிற தடி சின்ன வயதிலிருந்தே ஜெபரத்தினத்தின் கைக்குத்தான் வரும். சட்டி சிதறியதும் பாட்டு எடுப்பார்கள். ஊரில் அவனுக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான்.

"கண்ணு பட்டுடும்னு இங்கியும் பயந்துகினு கீறாங்க பாரு, எல்லப்பா" என்று சொல்லிக்கொண்டே கம்பியால் ஒரு சட்டியைத் தட்டினான். அது இரண்டாகப் பிளந்து விழுந்தது.

எல்லப்பன் இறங்கிச் சுற்றிப் பார்த்தான். "செடியே காணமே ண்ணா. எதுக்குத் திருஷ்டி?"

அறுப்பு முடிந்திருக்கும் என்றான் ஜெபரத்தினம். கிழக்கு முனையில் காய்கறித் தோட்டம், தடை ஒன்றுமில்லை என்று அன்றைக்கே தகவல் போய்விட்டது.

மறுநாள் மண் வெட்ட வந்த ஊர்க்காரர்கள் முளைக்குச்சி அடித்த இடத்துக்கு அப்பால் காலெடுத்து வைக்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள். ஒரு பெண் மட்டும் உள்ளே போனாள். உடைந்த சட்டியின் துண்டுகளைப் பொறுக்கி, மேட்டின்மேல் ஒன்றோடொன்று பொருத்தி வைத்தாள். பொருந்தவில்லை. பக்கத்தில் ஒரு எனாமல் குவளை கிடந்தது. குழந்தை குடிக்கிற அளவு. தான் புடவை மாதிரி சுற்றியிருந்த துணியால் அதைத் துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள். மேடு அவள் கை நீளம்கூட இல்லை.

அது குழந்தைகளைப் புதைத்த இடம் என்று ஜெபரத்தினத்துக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லப்பனுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

கேப்டன் வந்து இறங்கினார். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கிழக்கே நீட்ட முடியாது என்றால் இந்த ஓடுதளமே வேண்டாம், இத்தனை நாள் அலைந்தது வீண். நேற்றுச் சொன்னது தப்பு என்று ஒரு வரி சொன்னால் போதும். ஜெபரத்தினத்தின் வாயில் அந்த வரி தயாராக இருந்தது.

"ஏன் ரத்தினம் நிக்கறாங்க? அந்தப் பக்கம் எதுனா தடை இருக்கா?"

"இல்ல சார். வெறும் தோட்டம். கூலி ஜாஸ்தி கேக்கறாங்க."

எல்லப்பன் அவனைப் பார்க்காமல் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தான். முகாமிலிருந்து புல்டோசர் வந்தது. அது வருவதற்குள் ஜெபரத்தினம் தன் பங்கு பிஸ்கட் டப்பாவை எடுத்துப்போய் அந்தப் பெண்ணிடம் நீட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கினாள். சட்டி இருந்த இடத்தில் டப்பாவை வைத்துவிட்டு, குவளையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புல்டோசர் மேடுகளைச் சமன் செய்துவிட்டுப் போனது. விமானம் வரவில்லை. படை வேறு பக்கம் நகர்ந்தது. தேவைப்பட்டால் உதவும் என்று பார்த்துவைத்த எத்தனையோ ஓடுதளங்களில் அதுவும் ஒன்றாகிப்போனது. மழை முடிந்து ஒருமுறை அந்த வழியே போனபோது கிழக்கு முனையில் ஆள் உயரத்துக்குப் புல். எல்லப்பன் ஜீப்பை நிறுத்தவில்லை, அவனும் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குள் ஊர்ப்பேச்சு குறைந்துவிட்டது.

லீவில் கண்டிகைக்கு வந்தபோது அப்பா காத்துக்கொண்டிருந்தார். பரசுராமன் என்பவர் குடும்பத்தோடு சபையில் சேர்ந்திருந்தார். அவருடைய கத்தரித் தோட்டத்துச் சட்டியை மகன் வரட்டும் என்று உபதேசியார் உடைக்காமல் விட்டுவைத்திருந்தார். அமைதிப்படையின் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று பிடிவாதம். சபையார் எல்லோரும் வரப்பில் நின்றார்கள். அப்பா தடியைக் கையில் கொடுத்தார்.

சட்டியில் சுண்ணாம்புப் புள்ளி. கீழே காயும் பூவுமாகச் செடி. இது திருஷ்டிச் சட்டிதான், சந்தேகமில்லை. ஆனாலும் தடி உயரவில்லை.

"கை வரல நைனா."

"இன்னாடா, ஆப்பிரிக்கா போயி சட்டிக்குப் பயந்துகினா வந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். பரசுராமனே தடியை வாங்கி உடைத்தார். உபதேசியார் மகனைப் பார்க்காமல் பாட்டை எடுத்தார். ஜெபரத்தினம் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். சிரிப்பு அவனுக்கு ஒருவகையில் வசதியாகத்தான் இருந்தது, எதையும் விளக்க வேண்டியதில்லை.

திருத்தணி பஸ்ஸில் ரெபேக்காள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மலை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் மெல்லக் கேட்டாள்.

"நெஜமாவே சட்டிக்குத்தான் பயந்தீங்களா?"

அவள் சிரிக்கவில்லை. சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே கடலைக்கொல்லைகளில் சட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"ஆங், சட்டிக்குத்தான்" என்றான்.