ஆள் தொடாமல் சுற்றாத மோட்டார்

ஆம்பூருக்குக் கரண்ட் வந்த புதிதில் கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தவன் எல்லாம் அரை டாக்டர். நான் முழு டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜோலார்பேட்டை ரயில்வே ஷெட்டில் வயரிங் கற்றுக்கொண்டு வந்தவன். நான்கு டேனரிகளின் மோட்டார்கள் என் பொறுப்பில் இருந்தன. மோட்டார் நின்றால் முதலாளிகளே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்.

ஆற்றோரத்து டேனரி ஒன்றில், தோலைச் சாயத்தண்ணீரோடு போட்டு உருட்டுவதற்கு ஒரு மர டிரம் இருந்தது. படுக்கவைத்த பெரிய பீப்பாய். உள்ளே ஓர் ஆள் குனிந்து நிற்கலாம். அதை பெல்ட் போட்டுச் சுற்றுவது ஒரு சின்ன மோட்டார். டிரம்மைப் பார்த்துக்கொண்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் பாய்தான்.

ஒரு நாள் மதியம் அந்த மோட்டார் சுற்றவில்லை. ஸ்விட்சைப் போட்டால் முனகியது, அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு யாரோ அழுவதுபோல ஒரு சத்தம். வேலையாட்கள் தள்ளி நின்றார்கள். நான் சிரித்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினேன். பெல்ட் இல்லாமலும் முனகல்தான். நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் திருப்பினால் லேசாகத் திரும்பியது, பேரிங் இறுகவில்லை. மறுபடி ஸ்விட்சைப் போட்டு, தண்டைக் கையால் ஒரு சுண்டு சுண்டினேன். விர்ரென்று கிளம்பியது. நிறுத்தி, எதிர்ப்பக்கமாகச் சுண்டினேன். அந்தப் பக்கமும் அதே சந்தோஷத்தோடு சுற்றியது.

அப்போதே தெரிந்துவிட்டது. இந்த வகை மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்று தானாகத் தெரியாது. முதல் தள்ளு கொடுப்பது அதன் முதுகில் இருக்கும் கண்டென்சர். அதைக் கழற்றி, ஒரு கணம் கரண்ட் காட்டி, இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டேன். நல்ல கண்டென்சர் என்றால் படாரென்று பொறி பறக்கும். கரண்டை எடுத்த பிறகும் உள்ளே பிடித்து வைத்திருக்கும் சாமான் அது. இதில் ஒன்றுமில்லை. செத்துப்போயிருந்தது.

மெட்ராஸுக்கு எழுதிப்போட்டேன். வர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை ஸ்விட்சைப் போட்டுவிட்டு இரண்டு பேர் பெல்ட்டை இழுத்துக் கிளப்பட்டும் என்று வழி சொன்னேன். கிளம்பும்போது ஃபியூஸ் அடிக்கடி போயிற்று. தடித்த கம்பியாகப் போட்டு அதன் வாயையும் அடைத்தேன். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பாய்க்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தோலை எடுக்க உள்ளே போகும் முன் பெல்ட்டைக் கழற்றி, வெளியே விட்ட தன் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பார். பிஸ்மில்லா சொல்லி, டிரம்மை மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் நுழைவார். மறுபடி பெல்ட் மாட்ட நேரமாகிறது என்று முதலாளி என்னிடம் குறைப்பட்டார்.

"இன்னா பாய், உள்ள ஜின்னு கின்னு இருக்குதா?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"முனகுது தம்பி. முனகுறது எதுவா இருந்தாலும் அதைக் கட்டிவெச்சுட்டுத்தான் கிட்ட போவணும்."

"ஆள் தொட்டுத் தள்ளாம இது சுத்தவே சுத்தாது. நான் சொல்றேன் இல்ல?"

அடுத்த வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. டிரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. தோலை எடுத்துப் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போகலாம் என்று பாய் டிரம்மின் கதவுப் பலகையைத் திறந்தார். பெல்ட்டில் கை வைத்தவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துடட்டா தம்பி?"

"வேணாம் பாய். கரண்ட் வந்தாலும் அது முனகத்தான் முனகும். போங்க."

ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் எழுந்திருக்கவில்லை. ஆவாரம்பட்டை மூட்டைமேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன்.

உள்ளேயிருந்து இரண்டு தோல்கள் வந்து விழுந்தன. அப்போது முனகல் ஆரம்பித்தது. நான் சொன்னது போலவே டிரம் அசையவில்லை. வேலையாட்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். இன்றைக்கும் அந்தச் சிமிட்டலை நினைத்தால் எனக்கு என் முகமே பிடிப்பதில்லை.

உள்ளேயிருந்து பாய் "தம்பி" என்றார். சத்தம்போட்டு அல்ல, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடுவதுபோல. வெளியே வருவதற்கு அவர் வலது கை கதவு வழியாக நீண்டது. டிரம் லேசாகச் சாய்ந்தது. பிறகு, யாரும் தொடாமல், வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக அது சுற்றத் தொடங்கியது.

ஸ்விட்ச் எதிர்ச்சுவரில். நான் ஓடி அதை அணைப்பதற்குள் ஒன்றரைச் சுற்று. ஈரத்தோல்கள் ஒவ்வொன்றாக வெளியே விழுந்துகொண்டிருந்தன. அவற்றில் எது அவர் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

உயிர் பிழைத்தார். டிரம்முக்கும் தாங்கு கட்டைக்கும் நடுவே சிக்கிய வலது கையை வேலூர் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனேன். என் தப்புதான் என்று சொல்லத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீ சரியாத்தான் சொன்ன தம்பி. எழுந்திருக்கலாம்னு உள்ளாற கையை ஊணினேன். நான்தான் தள்ளிட்டேன் போல."

 ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மெட்ராஸிலிருந்து கண்டென்சர் வந்தது. மாட்டியதும் மோட்டார் முனகாமல், ஆள் தொடாமல், சரியான பக்கமாகச் சுற்றியது. ஆனால் தோல் எடுக்க வேலையாட்கள் ஒருவரும் உள்ளே போகவில்லை. "நீ போ மொதல்ல" என்றார்கள். நியாயம்தான்.

ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெல்ட்டைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே இருட்டு, புளித்த வாடை, காலுக்கடியில் வழுக்கும் தோல். சுவர் முழுக்க மர முளைகள். கடைசித் தோலைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. தரை வளைந்திருந்தது, கால் நிற்கவில்லை. அதற்குள் இருக்கிறவன் சுவரில் கையை ஊன்றாமல் எழுந்திருக்கவே முடியாது. உள்ளே போகிற எவனும் அதைத் தள்ளித்தான் தீருவான். ஒரு தடவையும் உள்ளே போய்ப் பார்க்காமல்தான் அவரைப் போகச் சொல்லியிருந்தேன்.

கையை ஊன்றினேன். டிரம் எனக்கடியில் மெல்ல நகர்ந்தது. பெல்ட் இல்லை, கரண்ட் இல்லை, ஆனாலும் அந்த முனகல் எனக்குக் கேட்டது. அவர் என்னைக் கூப்பிட்ட அதே மெதுவான குரலில் "பாய்" என்று கூப்பிட்டேன்.