சொந்தக் கற்பனைதானா?

எழுபதுகளின் நடுவில், கிழக்குப் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில், தமிழ் எம்.ஏ. மாணவர்களுக்குப் பத்திரிகைக்கு எழுதும் முறையையும் எழுத்தாளனுக்குரிய நேர்மையையும் பற்றி வாரம் ஒரு வகுப்பெடுத்தேன். இரண்டு நகைச்சுவைப் புத்தகங்கள் போட்டிருந்ததுதான் என் தகுதி. இரண்டும் விற்கவில்லை என்பது துறைத்தலைவருக்குத் தெரியாது. அல்லது, தெரிந்துதான் நேர்மையைப் பற்றிப் பேச இவனே தகுந்த ஆள் என்று முடிவு செய்திருக்கலாம்.

அந்த நாளில் தமிழ்ப் பத்திரிகைக்குக் கதை அனுப்பினால் கூடவே ஓர் உறுதிமொழி வைக்க வேண்டும்: இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறெங்கும் வெளிவரவில்லை. எங்கள் பிள்ளைகளோ தமிழுக்குச் சமமாக மலையாளமும் படிப்பவர்கள். மலையாள வாரப் பத்திரிகையில் வந்த கதைக்கு வேட்டியை மாற்றிக் கட்டி, மாநில எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டி அனுப்பிவிட்டால் சென்னையில் யார் கண்டுபிடிப்பார்கள்? செக்போஸ்டில் அரிசி மூட்டையைத்தான் குத்திப் பார்ப்பார்கள்.

ஆகவே, நல்ல கதை வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மோசமான கதைகளைப் பற்றிச் சந்தேகமே இருந்ததில்லை.

மலைமேல் சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி, ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் நெருப்புக் காக்கும் ஒருவனைப் பற்றி எழுதியிருந்தாள். மிக நன்றாக இருந்தது. சென்னை மாத இதழ் ஒன்று போட ஒப்புக்கொண்டு, மாணவி என்பதால் உறுதிமொழியில் என் கையெழுத்தையும் கேட்டது. நான் பேனாவைத் திறக்காமல் வாசகசாலைக்குப் போய்ப் பழைய மலையாள இதழ்களைப் புரட்டினேன். அகப்பட்டது. அதே கொட்டகை, அதே நெருப்பு. மேலே ஓர் ஆணின் பெயர்.

வகுப்பில் அவள் முன்னால் அதை வைத்தேன். "இது என்னம்மா?"

"என் கதை சார்."

"ஆம்பளைப் பேரா இருக்கே?"

"எங்க அண்ணன் பேரு சார். ஹாஸ்டல்ல தபாலைப் பிரிச்சுப் படிப்பாங்க. அதான் அவன் பேர்ல, தோட்டத்து விலாசத்தைப் போட்டு அனுப்புனேன்."

"அண்ணனே எழுதியிருக்கலாமே?"

"அவனா? லீவு லெட்டரே நான்தான் சார் எழுதிக் குடுக்கணும்."

பின்பெஞ்சிலிருந்து உள்ளூர்ப் பையன் ஒருவன், "ஏனுங்க சார், அண்ணனைக் கூப்பிட்டு ஒரு பரீட்சை வெச்சுப்போடலாமுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தமிழில் ஒரு நீளமான சூரிய அஸ்தமனம் இருந்தது, மலையாளத்தில் இல்லை.

"இது எங்கே போச்சு?"

"மலையாளப் பத்திரிகைக்காரங்க வெட்டிட்டாங்க சார். கதையிலேயே நல்ல இடம் அதுதான்." சொல்லிக்கொண்டே அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் என் சந்தேகம் தீர்ந்தது. திருடுகிறவர்கள் நல்லதைத்தான் எடுப்பார்கள். இவ்வளவு மோசமான ஓர் அஸ்தமனத்தைப் பெற்றவள் மட்டுமே இப்படி மாரோடு அணைத்துக்கொள்ள முடியும். என்னிடமும் அப்படிச் சில அஸ்தமனங்கள் உண்டு.

"சரி. ஆனா, வேறெங்கும் வரலைன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவே?"

"தமிழ்ல வரலையே சார்."

"நடந்ததை அப்படியே அவங்களுக்கு எழுதிடு."

"எழுதுனா போட மாட்டாங்க சார். தமிழ்ல என் பேர்ல வர்ற மொதக் கதை."

நேர்மையைக் கற்றுக்கொடுப்பது, கதை நம்முடையதாக இல்லாதபோது மிகவும் சுலபம். அவள் எழுதினாள். நான் கீழே கையெழுத்திட்டேன்.

கதை வந்தது. 'மலையாள மூலம்' என்று அண்ணன் பெயர். 'தமிழில்' என்று அவள் பெயர். எங்கள் விளக்கத்தைச் சென்னையில் நம்பவில்லை போலிருக்கிறது. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இதழை என் மேஜைமேல் போட்டாள். "உண்மையைச் சொன்னா இதான் சார் கெடைக்குது. தோட்டத்துல எல்லாரும் அவனுக்கு டீ வாங்கிக் குடுக்குறாங்க. அடுத்த கதை எப்பன்னு கேக்குறாங்க. அவனும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்ங்கிறான்!"

"அடுத்ததை உன் பேர்லயே அனுப்பு."

"அனுப்புறேன். தபாலு உங்க வீட்டு விலாசத்துக்கு வரட்டும் சார்."

மறுக்க எனக்கு முகமில்லை. ஒரு மாதம் கழித்து, என் வீட்டில் முன்பின் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பெயருக்கு, என் மேற்பார்வை என்று போட்டு, தடித்த உறை ஒன்று வந்தது. அன்று முதல் சந்தேகப்படும் வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டாள்.